டென்ட்டா, அறையா, திண்ணையா? குடும்பத்தோடு இரவு தங்க இடம் தேர்வு செய்வது எப்படி

திருவண்ணாமலை கிரிவலப் பாதையின் நீளம் 14 கிலோமீட்டர். ராஜகோபுரத்தில் தொடங்கி நடப்பவர்கள் ஏறக்குறைய பாதி வழியில், மலையின் மேற்குப் பக்கம் வந்து சேரும் ஊர் அடி அண்ணாமலை. ஆதி அருணாசலேஸ்வரர் கோயிலும், பாதையோரம் மாணிக்கவாசகருக்கான கோயிலும் உள்ள ஊர். பௌர்ணமி இரவில் இங்கே நின்று பார்த்தால், குடும்பம் குடும்பமாகப் பலர் போர்வையை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். "கால் வலிக்குது, இங்கேயே தங்கிட்டு காலையில போலாமா?" என்ற பேச்சு காதில் விழாமல் இருக்காது.

தங்கலாம்தான். ஆனால் எங்கே, எப்படி? முன்பெல்லாம் சத்திரம், மண்டபம், தெரிந்தவர் வீட்டுத் திண்ணை என்று இருந்தது. இன்று அறை, ஹோம்ஸ்டே, தோட்டத்தில் டென்ட், மலைமேல் டென்ட் என்று கைப்பேசியைத் திறந்தாலே விளம்பரம் வருகிறது. எல்லாப் படங்களும் அழகாகத்தான் இருக்கின்றன. நம் வீட்டு ஆட்களுக்கு எது ஒத்துவரும் என்பதைப் படம் சொல்லாது. அதை நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாட்டி தண்ணீர் குடிக்காத இரவு

எங்கள் வீட்டு அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் படத்தைப் பார்த்து மயங்கி, ஒரு மலைப்பகுதியில் டென்ட் பதிவு செய்தோம். அண்ணன் மகளுக்கு அப்போது ஏழு வயது. அவளுக்கு ஒரே கொண்டாட்டம். முழங்கால் வலி உள்ள பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் காபி கொடுத்தால் வேண்டாம் என்றார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் கொடுத்தாலும் வேண்டாம் என்றார். மறுநாள்தான் அம்மா காரணத்தைக் கண்டுபிடித்தார். கழிப்பறை டென்ட்டில் இருந்து நூறு அடிக்கு மேல் தள்ளி, விளக்கில்லாத சரிவில் இருந்தது. ராத்திரி எழுந்து போக வேண்டி வந்துவிடுமே என்ற பயத்தில் அவர் சாயங்காலம் முதல் தண்ணீரே குடிக்கவில்லை.

சர்க்கரை, ரத்த அழுத்தம் என மாத்திரை சாப்பிடும் வயதில் இது விளையாட்டான விஷயம் இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நாங்கள் கேட்கவில்லை.

அந்தப் பயணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. இடம் பார்ப்பதற்கு முன் ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்வி கேட்போம். இந்தப் பயணத்தில் உனக்கு எது கிடைச்சே ஆகணும்? எது இருந்தா உன்னால தாங்க முடியாது? முதல் கேள்விக்கான பதில்களைக் கொண்டு ஊரைத் தேர்வு செய்யலாம். இரண்டாவது கேள்விக்கான பதில்களைக் கொண்டு தங்கும் இடத்தைத் தேர்வு செய்ய வேண்டும். வீட்டில் யாருக்கு இரவு 2 மணிக்குச் சிரமம் அதிகமோ, அவருக்குச் சரியான இடம்தான் மொத்தக் குடும்பத்துக்கும் சரியான இடம்.

உங்கள் குடும்பம் எந்த வகை?

திருவண்ணாமலையையும் அதைச் சுற்றியுள்ள பகுதியையும் வைத்தே பார்ப்போம்.

கோயிலும் கிரிவலமும்தான் முக்கியம் என்றால்: முதலில் தேதியை முடிவு செய்யுங்கள். பௌர்ணமியிலும் தீபத் திருவிழாவிலும் ஊர் முழுக்க போக்குவரத்து மாற்றம் இருக்கும். பேருந்துகள் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களில் நின்றுவிடும். கிரிவலப் பாதையில் வண்டிகளை விடமாட்டார்கள். அன்றைக்கு அடி அண்ணாமலையில் அறை பதிவு செய்துவிட்டு, காரில் வாசல் வரை போய் இறங்கலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். மூட்டை முடிச்சோடும் பெரியவர்களோடும் நடக்க வேண்டியிருக்கும். இரவு முழுக்க ஆள் நடமாட்டமும் ஒலிபெருக்கியும் இருக்கும். சிலருக்கு அதுவே சந்தோஷம், சிலருக்குத் தலைவலி. பெரியவர்கள் உள்ள குடும்பம் சாதாரண நாளில் வந்தால், நடக்க முடிந்தவர்கள் நடக்கலாம், முடியாதவர்கள் ஆட்டோவில் சுற்றி வந்து ஒவ்வொரு லிங்கத்திலும் நின்று கும்பிடலாம்.

அமைதி வேண்டும் என்றால்: சாதாரண நாட்களில் அடி அண்ணாமலை நல்ல தேர்வு. நகரத்தின் நெரிசல் இல்லை, மலை கண்ணெதிரே தெரியும். ஆனால் நள்ளிரவில் மருந்துக்கடை, மருத்துவமனை என்று தேவைப்பட்டால் நகரத்துக்குத்தான் போக வேண்டும். அதற்கு ராத்திரியில் வண்டி கிடைக்குமா என்பதைத் தங்கும் இடத்தில் முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

பிள்ளைகளுக்கு விளையாட இடமும் தண்ணீரும் வேண்டும் என்றால்: சுமார் 35 கிலோமீட்டரில் தென்பெண்ணை ஆற்றின் குறுக்கே சாத்தனூர் அணை இருக்கிறது. பூங்காவும் முதலைப் பண்ணையும் உண்டு. பகலில் பார்த்துவிட்டு மாலையில் ஊர் திரும்பிவிடலாம். வெளியே படுக்கப் பழக்கமில்லாத குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு இதுவே போதும்.

குளிரும் காடும் வேண்டும் என்றால்: போளூர் வழியாக ஜவ்வாதுமலையின் ஜமுனாமரத்தூர். திருவண்ணாமலையில் இருந்து காரில் போனாலும் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. பீமன் அருவி, சாமை விளையும் மலைக்கிராமங்கள், இரவில் தெளிவான வானம். மலையின் அந்தப் பக்கம் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. பார்வையாளர் நாளைக் கேட்டுக்கொண்டு போனால் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெரிய அனுபவம். டென்ட் ஆசை உள்ளவர்களுக்கு இந்த மலை பொருத்தம். ஆனால் கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி வருபவர்கள், இரவுக் குளிரில் மூச்சு இழுப்பு வருபவர்கள் வீட்டில் இருந்தால் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

மலையடிவாரம், ஆற்றங்கரை: படத்தில் அழகு, மழையில் ஆபத்து

ருசியும் விருப்பமும் ஆளுக்கு ஆள் மாறும். பாதுகாப்பு அப்படி இல்லை.

2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையின்போது திருவண்ணாமலை நகரில், மலைச் சரிவை ஒட்டிய வ.உ.சி. நகரில் பாறையும் மண்ணும் சரிந்து வீட்டின் மேல் விழுந்தன. குழந்தைகள் உட்பட 7 பேர் உயிரிழந்தார்கள். அந்த ஆண்டு தீபத்தன்று பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. அதே மழையில் சாத்தனூர் அணையில் இருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணைக் கரையோர ஊர்களில் வெள்ளம் புகுந்தது. திறப்பு அதிகரித்தது நள்ளிரவு தாண்டிய நேரத்தில். ஆற்றங்கரையில் டென்ட் போட்டுத் தூங்கும் குடும்பத்துக்கு அந்த நேரத்தில் தப்பிக்க எவ்வளவு அவகாசம் கிடைக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆகவே அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், சரிவுக்கு நேர் கீழேயும், ஓடை, ஏரிக் கால்வாய், ஆற்றுப் படுகை ஓரத்திலும் தங்க வேண்டாம். "இப்போ தண்ணியே இல்லையே" என்று உரிமையாளர் சொல்லலாம். தண்ணீர் மேலே எங்கோ பெய்த மழையில் இருந்து வருகிறது. நாம் நிற்கும் இடத்தில் வானம் தெளிவாக இருந்தாலும் ஓடையில் வெள்ளம் வரலாம்.

கோடையில் பயம் வேறு. பிப்ரவரி முதல் மே வரை புல் காய்ந்து கிடக்கும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் பரவிய காட்டுத்தீயில் மலையேறச் சென்ற 23 பேர் உயிரிழந்தார்கள். காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது சட்டப்படி குற்றம். "கேம்ப் ஃபயர் உண்டு" என்பது விளம்பரத்தில் முதல் வரியாக இருந்தால், அந்த இடம் காட்டை ஒட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். காட்டை ஒட்டிய இடமென்றால் நெருப்பு வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். காட்டுக்குள் நடக்க விரும்பும் குடும்பங்கள் வனத்துறை வழியாகவே போகலாம். 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கியது. எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருப்பதால் வயதுக்கும் உடல்நிலைக்கும் ஏற்றதைத் தேர்வு செய்ய முடியும். வழிகாட்டியும் கூட வருவார்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

கூடாரச் சுற்றுலா நடத்துவோர், ஹோம்ஸ்டே நடத்துவோர், சாகசச் சுற்றுலா நடத்துவோர் தமிழ்நாடு சுற்றுலாத் துறையில் பதிவு செய்ய வேண்டும். "பதிவுச் சான்று இருக்கா? அனுப்புங்க" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். 2021 ஜனவரியில் கேரளத்தின் வயநாட்டில் ஒரு விடுதியின் டென்ட்டில் தங்கியிருந்த பெண் யானை தாக்கி இறந்தபோதுதான், கூடாரங்களுக்கு முறையான அனுமதி உண்டா என்ற கேள்வியே எழுந்தது. அந்தக் கேள்வியை நாம் முன்னாலேயே கேட்டுவிடுவோம்.

தொலைபேசியில் இவற்றையும் கேளுங்கள்:

• கழிப்பறை தங்கும் இடத்தில் இருந்து எத்தனை அடி? வழியில் விளக்கு உண்டா? இந்திய வகையா, மேற்கத்திய வகையா? எத்தனை பேருக்கு ஒன்று?

• படுக்கை தரையிலா, கட்டிலிலா? முழங்கால் வலி உள்ளவருக்கு ஒரு கட்டிலாவது கிடைக்குமா?

• குடிநீர் எங்கிருந்து வருகிறது? குழந்தைக்குப் பால் காய்ச்ச, மருந்துக்கு வெந்நீர் வைக்க இரவில் வசதி உண்டா?

• சாப்பாடு சைவமா, அசைவமா? கிரிவலத்துக்கு விரதம் இருப்பவர்களுக்குத் தனியாகச் சமைப்பார்களா?

• மழை வலுத்தால் டென்ட்டில் இருப்பவர்களை மாற்ற உறுதியான கட்டடம் உண்டா?

• ராத்திரி அங்கேயே ஆள் இருப்பாரா? அவர் எண் என்ன?

• கைப்பேசி சிக்னல் எந்த நிறுவனத்துக்குக் கிடைக்கும்? அருகில் உள்ள அரசு மருத்துவமனை எத்தனை நிமிடம்?

• பக்கத்து டென்ட்டில் யார் தங்குவார்கள்? மது, சத்தமான பாட்டு அனுமதி உண்டா?

• மழை, புயல் எச்சரிக்கை வந்து நாம் ரத்து செய்தால் பணம் திரும்புமா?

பதிலைப் பேச்சோடு விடாமல் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். "எல்லா வசதியும் இருக்கு சார், வாங்க பாத்துக்கலாம்" என்பது பதில் இல்லை.

அரசு தொடர்பான இடங்களே போதும் என்று நினைப்பவர்கள் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதிகளை அதன் இணையதளத்தில் பார்க்கலாம். எதைப் பதிவு செய்தாலும் அதிகாரப்பூர்வ இணையதள முகவரிதானா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். கோயில், விடுதி பெயர்களில் போலிப் பக்கங்கள் உலவுகின்றன.

போய்ச் சேர்ந்ததும் பத்து நிமிடம்

பையை இறக்குவதற்கு முன், வெளிச்சம் இருக்கும்போதே இடத்தைச் சுற்றி வாருங்கள். கழிப்பறைக்கும் சாலைக்கும் போகும் வழியை எல்லோருக்கும் காட்டுங்கள். டார்ச்சைப் பெரியவர்கள் கையில் கொடுங்கள். டென்ட்டின் ஜிப் எப்போதும் மூடியிருக்கட்டும், செருப்பை உதறிப் போடச் சொல்லுங்கள். பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டவோ கீறவோ கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல் உடனே 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். குரங்கு உள்ள இடங்களில் சாப்பாட்டுப் பொருளை வெளியே வைக்க வேண்டாம். குப்பையைத் திரும்ப எடுத்து வாருங்கள். கிரிவலப் பாதையிலும் மலையிலும் பிளாஸ்டிக் வேண்டாம்.

இந்த எண்களைக் கைப்பேசியில் மட்டும் வைக்காமல் ஒரு தாளிலும் எழுதிவையுங்கள்: அவசர உதவி 112, ஆம்புலன்ஸ் 108, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. மழை எச்சரிக்கைக்கு 'டிஎன்-அலர்ட்' செயலி இருக்கிறது. கிளம்பும் நாள் காலையில் ஒருமுறை பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். மலை அங்கேயேதான் இருக்கும்.

எங்கள் வீட்டில் அடுத்த முறை என்ன செய்தோம்? பாட்டிக்குக் கிடைத்தே ஆக வேண்டியது கிரிவலம், அண்ணன் மகளுக்கு டென்ட். பௌர்ணமி இல்லாத ஒரு நாளில் அடி அண்ணாமலையில் கட்டிலும் கழிப்பறையும் உள்ள தரைத்தள அறை எடுத்தோம். பாட்டி ஆட்டோவில் எட்டு லிங்கத்தையும் பார்த்து வந்தார். உரிமையாளரிடம் கேட்டு அறை வாசலிலேயே ஒரு சின்ன டென்ட் போட்டோம். குழந்தையும் அவள் அப்பாவும் அதில் படுத்தார்கள். சாயங்காலம் பாட்டி தானாகவே கேட்டார்: "காபி இருந்தா கொடு. அப்புறம் ஒரு சொம்பு தண்ணியும் பக்கத்துல வை."