உங்களுக்குத் தெரியுமா? – சட்டையில் ஏறும் இறக்கை

✦ கெடாவின் அலோர்ஸ்டார் வட்டாரத்தில் வயலுக்கு மேலே மூக்கில் விசிறி வைத்த சின்ன விமானம் இரைந்துகொண்டு போனால் நின்று பாருங்கள். அது சுவிட்சர்லாந்தில் செய்த பிலாட்டஸ் பிசி-7 ஆக இருக்கலாம். நம் மலேசிய இராணுவ விமானிகள் முதல் பாடம் படிப்பது அலோர்ஸ்டார் ஆகாயப்படைப் பயிற்சி மையத்தில்தான். ஓட்டுபவர் சட்டையில் குத்தும் இறக்கைச் சின்னத்தை இன்னும் வாங்காத மாணவராக இருக்கக்கூடும்.

✦ அந்த இறக்கைச் சின்னம் சும்மா கிடைத்துவிடாது. முதலில் வகுப்பறைப் பாடம், பிறகு பயிற்றுநரோடு பறப்பது, அப்புறம்தான் தனியாக. குட்டிக்கரணம், இரவுப் பறப்பு, வெளியே எதுவும் தெரியாத மேகத்தில் கருவிகளை மட்டும் நம்பி ஓட்டுவது என்று ஒவ்வொரு கட்டத்திலும் சோதனை உண்டு. தேறாதவர்கள் நடுவழியிலேயே விலக்கப்படுவார்கள். அணிவகுப்பில் இடது மார்புப் பைக்கு மேலே, பதக்க வரிசைக்கும் மேலே, அது ஏறும்போது வீட்டாருக்குக் கண் கலங்குவது நியாயந்தான்.

✦ இறக்கைச் சின்னம் அணியும் இந்த வழக்கத்தை நம் பக்கம் கொண்டுவந்தவர்கள் பிரிட்டிஷார். அவர்களுடைய ராயல் ஃப்ளையிங் கோருக்கு 1913இல் இறக்கைச் சின்னம் வந்தது.

✦ பிரிட்டிஷ் மரபில் இரண்டு இறக்கை என்றால் விமானி. ஒற்றை இறக்கை என்றால் விமானத்தில் வேறு பொறுப்பு. பிரிட்டிஷ் படையில் வழிகாட்டும் அப்சர்வருக்கு ‘ஓ’ எழுத்தோடும், துப்பாக்கி வீரருக்கு ‘ஏஜி’ எழுத்தோடும் பாதிச் சின்னம் இருந்தது. இப்படி விமானி, வழிகாட்டி, துப்பாக்கி வீரர் என மூவர் செல்லும் பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானம் ஒன்று 1941 டிசம்பர் 9 அன்று பட்டர்வொர்த்திலிருந்து கிளம்பியது. ஓட்டியவர் ஸ்குவாட்ரன் லீடர் ஆர்தர் ஸ்கார்ஃப். அவர் மேலே ஏறிய சற்று நேரத்தில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்து, பின்னால் வரவேண்டிய விமானங்கள் தரையிலேயே முடங்கிப்போயின. அவர் திரும்பவில்லை. தனியாகவே தாய்லாந்தின் சிங்கோராவுக்குப் போய்க் குண்டு போட்டார். எதிரி விமானங்கள் சுட்டதில் படுகாயம். உடனிருந்த இருவரும் துணை நிற்க, அலோர்ஸ்டார் வரை ஓட்டிவந்து, சக்கரம் இறக்காமலே வயிற்றால் தரையிறக்கினார். அந்த இருவருக்கும் அடிபடவில்லை. அவர் அலோர்ஸ்டார் மருத்துவமனையில் இறந்தார். அங்கே தாதியாக இருந்தவர் அவர் மனைவி. ஸ்கார்ஃபுக்கு விக்டோரியா கிராஸ் வீரப்பதக்கம் போர் முடிந்து 1946இல்தான் அறிவிக்கப்பட்டது. கல்லறை தைப்பிங்கில் இருக்கிறது. கெடாவின் ஒவ்வொரு பள்ளிப் பிள்ளைக்கும் சொல்லவேண்டிய கதை இது.

✦ இந்தியா 1950இல் குடியரசானதும் விமானியின் இறக்கையில் இருந்த பிரிட்டிஷ் மகுடம் போய், அசோகச் சிங்கம் வந்தது. இன்னொன்று: இந்திய ஆகாயப்படையும் 75 பிசி-7 மார்க் 2 வாங்கி, ஹைதராபாத் அருகே துண்டிகல்லில் பயிற்சி தருகிறது. அங்கும் இங்கும் ஒரே ரக விமானம்!

✦ தமிழ்நாட்டின் அரக்கோணத்தில் உள்ள ஐஎன்எஸ் ராஜாளி கடற்படைத் தளத்தில் கொடுப்பது தங்க இறக்கை. 2024 ஜூனில் சப் லெப்டினன்ட் அனாமிகா பி. ராஜீவ் அதைப் பெற்று, இந்தியக் கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் விமானியானார்.

✦ பிரிட்டிஷ் கடற்படை விமானி இறக்கையை மார்பில் அணிவதில்லை. இடது கைச்சட்டையில், பதவிப் பட்டைக்கு மேலே அணிகிறார். பிரெஞ்சு விமானிக்கு வலது மார்பு.

✦ அமெரிக்க ஆகாயப்படையில் இறக்கையும் வளரும். ஏழாண்டு அனுபவமும் போதிய பறப்பு நேரமும் சேர்ந்தால் மேலே ஒரு நட்சத்திரம். பதினைந்தாண்டு அனுபவத்துக்குப் பிறகு அந்த நட்சத்திரத்தைச் சுற்றி ஒரு மாலை.

✦ விமானி ஆக ஆசைப்படும் பிள்ளையிடம் ஆகாயப்படையை மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். மலேசியத் தரைப்படைக்கு குளுவாங்கிலும், கடற்படைக்கு லுமுட்டிலும் ஹெலிகாப்டர் பிரிவுகள் உண்டு.