செயற்கைக்கோள் சொல்லும் இடத்தில்தான் படகு நிற்கிறதா?

சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுன் வட்டாரத்தின் தெற்கு விளிம்பு கடலில் முடிகிறது. கென்ட் ரிட்ஜ் பூங்கா மேட்டில் நின்றால் பாசிர் பாஞ்சாங் சரக்கு முனையமும் அதற்கப்பால் கப்பல்களும் தெரியும். தென் தீவுகளுக்குப் போகும் உல்லாசப் படகுகள் இந்தப் பெருங்கப்பல்களுக்கு நடுவேதான் வழி தேடிக்கொள்ள வேண்டும். இதே வட்டாரத்தில், டோவர் சாலையிலுள்ள சிங்கப்பூர் பலதுறைத் தொழிற்கல்லூரியில் கடல்துறைப் படிப்பு நடக்கிறது. கப்பலோட்டப் படிப்பவர்களும் வார இறுதிப் படகோட்டிகளும் ஒருசேர நம்பியிருப்பது ஜிபிஎஸ் திரையைத்தான். அந்த நம்பிக்கை எதுவரை செல்லும்?

திறந்த வானத்தின்கீழ் நல்ல கருவி சில மீட்டர் பிழையோடு இடத்தைக் காட்டிவிடும். பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்கா 2000 மே மாதத்தில் நிறுத்தியது. அதன்பின் கிடைத்த துல்லியம் இது. ஆனால் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் அந்தச் சமிக்ஞை மிக மெலிந்தது. பக்கத்தில் ஒரு சிறு இடையூறுக் கருவி இருந்தால் போதும், சமிக்ஞை அமுங்கிப்போகும். சூரியன் சீற்றமாக இருக்கும் ஆண்டுகளில், நிலநடுக்கோட்டை ஒட்டிய கடல்களில் பொழுது சாய்ந்தபின் அயனி மண்டலம் கலங்கி, கருவி சில செயற்கைக்கோள்களைத் தவறவிடுவதும் உண்டு.

சமிக்ஞை அறுவதைக்கூடச் சமாளிக்கலாம். அறுந்தது தெரியாமல் போவதுதான் பேராபத்து. 1995 ஜூனில் பெர்முடாவிலிருந்து பாஸ்டனுக்குக் கிளம்பிய ‘ராயல் மெஜஸ்டி’ என்ற பயணக் கப்பலில், புறப்பட்ட ஒரு மணி நேரத்துக்குள் ஜிபிஎஸ் ஆன்டெனாவின் கம்பி கழன்றது. வேகத்தையும் திசையையும் வைத்துக் கருவி உத்தேசமாக இடத்தைக் கணித்துக்கொண்டே இருந்தது. அப்படிக் கணிப்பதைத் திரையில் சிறு எழுத்துகளில் சொல்லவும் செய்தது. எவரும் பார்க்கவில்லை. ஒன்றரை நாளுக்குள் சுமார் 17 கடல்மைல் விலகி, நன்டக்கெட் தீவருகே மணல்திட்டில் கப்பல் ஏறி நின்றது. கரை வானொலி அலைகளைக் கொண்டு சரியான இடத்தைக் காட்டிய லோரான் கருவி அதே கப்பலில் இயங்கிக்கொண்டிருந்தது என்பதுதான் மனத்தை வருத்துகிறது. ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் உயிர் தப்பியது அவர்களின் நல்லகாலம்.

இப்போது பொய்ச் சமிக்ஞையும் சேர்ந்துகொண்டது. 2017 ஜூனில் கருங்கடலில் நின்ற கப்பல்களின் திரைகள், அவை கரையிலுள்ள ஒரு விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டின. ஜிபிஎஸ், குளோனாஸ், கலிலியோ, பெய்டூ என நான்கு செயற்கைக்கோள் அமைப்புகளையும் பிடிக்கும் கருவி வாங்குவது நல்லதுதான். ஆனாலும் இவற்றின் அலைவரிசைகள் ஒன்றையொன்று ஒட்டியவை. வலுவான இடையூறு எல்லாவற்றையும் ஒருசேர வீழ்த்திவிடும்.

ஆகவே கண்ணும் வேலை செய்ய வேண்டும். புலாவ் சதுமுவில் 1855 முதல் எரியும் ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கம் எந்தத் திசையில் தெரிகிறது, ஆழமானி காட்டும் ஆழம் வரைபடத்தோடு ஒத்துப்போகிறதா, மிதவையின் நிறமும் எண்ணும் சரியா என்று அடிக்கடி ஒப்பிடுவதே காப்பு. சிங்கப்பூர்க் கடலில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பாசிர் பாஞ்சாங் முனையம் கடலைத் தூர்த்து எழுப்பிய நிலத்தில் நிற்கிறது. செயற்கைக்கோள் இடத்தைச் சரியாகச் சொன்னாலும், பழைய மின்வரைபடம் அங்கே தண்ணீரைத்தான் காட்டும். கடல்துறை, துறைமுக ஆணையம் வெளியிடும் மாலுமிகளுக்கான அறிவிப்புகளைப் பார்த்து, வரைபடத்தைப் புதுப்பித்த பிறகே கயிற்றை அவிழ்க்க வேண்டும்.