டியூப் இல்லாத டயரும் வழித்துணைப் பையும்

கிள்ளான் ஆற்றைக் கடக்கும் கோத்தா பாலம் இரண்டு தட்டுகளைக் கொண்டது. அதன் கீழ்த்தட்டு பாதசாரிகளுக்கும் மிதிவண்டியோட்டிகளுக்கும் உரியது. முன்பு பலர் மிதிவண்டியில்தான் வேலைக்குச் சென்றனர். இன்றோ உடல்நலத்திற்காக மிதிவண்டி ஓட்டுவோர் பெருகியுள்ளனர். வார இறுதிகளில் கேரித் தீவு போன்ற தொலைவிடங்களுக்குச் செல்வோரும் உளர். செம்பனைத் தோட்டங்களை ஒட்டிய சாலைகளில் மட்டை முள்ளோ ஆணியோ டயரைத் துளைத்தால், அருகில் பழுதுபார்க்கும் கடை இருக்காது. அப்போது கைகொடுப்பது மிதிவண்டியோட்டி உடன் கொண்டுசெல்லும் சிறு பையே.

டியூப் இல்லாத டயரில் காற்றைத் தனியாகத் தாங்கும் குழாய் கிடையாது. டயரின் விளிம்பு சக்கர வளையத்தோடு இறுகப் பொருந்திக் காற்றைத் தடுக்கிறது. டயரினுள் ஊற்றப்படும் அடைப்புத் திரவம் சிறு துளைகளை அடைக்கிறது. இத்திரவங்கள் பலவற்றின் அடிப்படைப் பொருள் இரப்பர் பால். நம் முன்னோர் தோட்டங்களில் வெட்டிச் சேகரித்த அதே பால்தான் அது. துளை விழுந்ததும் காற்றழுத்தம் திரவத்தை அவ்விடத்திற்குத் தள்ளுகிறது. அதிலுள்ள நுண்துகள்கள் துளையில் சிக்கிக்கொள்ள, பால் உறைந்து அடைப்பாகிறது. முள் குத்தியதை ஓட்டுநர் அறியாமலேயே பயணம் தொடரக்கூடும்.

எனினும், எல்லாத் துளைகளும் இவ்வாறு அடைபடுவதில்லை. அதனால், பையில் சில பொருள்கள் இருப்பது அவசியம். முதலாவது, அடைப்புத் திரியும் அதைச் செருகும் ஊசிக்கருவியும். திரவத்தால் அடைக்க முடியாத துளையில் இத்திரியைச் செருகினால், திரவமும் திரியும் சேர்ந்து காற்றைத் தடுக்கும். இரண்டாவது, கைப்பம்பு. கரியமில வாயுக் குப்பி விரைவாகக் காற்றேற்றும்; ஆனால், ஒரு முறை பயன்படுத்தியதும் தீர்ந்துவிடும். பம்போ எத்தனை முறையும் உதவும். மூன்றாவது, சிறு புட்டியில் அடைப்புத் திரவம். வால்வின் உட்பகுதியைக் கழற்றும் கருவி இருந்தால், டயரைக் கழற்றாமலேயே திரவத்தை ஊற்றலாம்.

டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் திரி நிற்காது. அதற்காகவே நான்காவதாக ஒரு டியூப், இரண்டு நெம்புகோல்கள், பழைய டயரிலிருந்து வெட்டிய சிறு துண்டு ஆகியவை தேவைப்படுகின்றன. டியூப் சக்கரத்தின் அளவிற்குப் பொருந்த வேண்டும். முதலில் சக்கர வளையத்திலுள்ள வால்வைக் கழற்ற வேண்டும். கிழிசலின் உட்புறத்தில் டயர் துண்டை வைத்த பிறகே டியூப்பைப் பொருத்த வேண்டும். அதற்குமுன் டயரின் உட்புறத்தைக் கவனமாக ஆராய்வது மிக முக்கியம். திரவம் முன்பே அடைத்துவிட்ட முள்கள் அங்கே பதிந்திருக்கலாம். அவற்றை அகற்றாவிட்டால் புதிய டியூப்பும் உடனே துளைபடும். திரவம் கையில் ஒட்டும் என்பதால், பழந்துணி ஒன்றும் மெல்லிய கையுறையும் வைத்திருப்பது நல்லது.

பை நிறைந்திருந்தால் மட்டும் போதாது. டயரிலுள்ள திரவம் காலப்போக்கில் வற்றிவிடும். நம் நாட்டைப் போன்ற வெப்பமான இடங்களில் அது இன்னும் விரைவாக உலரும். ஆகையால், சில மாதங்களுக்கு ஒருமுறை அதன் அளவைச் சோதித்து நிரப்ப வேண்டும். திரி செருகுவதையும் டியூப் மாற்றுவதையும் வீட்டிலேயே ஒருமுறை பழகிக்கொள்வதும் பயன்தரும்.

பழுது ஏற்பட்டால், முதலில் வாகனங்கள் செல்லும் தடத்தை விட்டு விலகிப் பாதுகாப்பான இடத்தில் நிற்க வேண்டும். அதன் பின்னரே பையைத் திறக்க வேண்டும். டயரைச் சரிசெய்வதைவிட உயிரைக் காப்பதே முதற்கடமை. கருவியும் பயிற்சியும் நிதானமும் ஒருங்கே அமைந்தால், ஆளில்லாத் தோட்டச் சாலையிலும் பயணம் இனிதே தொடரும்.