ஓய்வுக்குப் பின் ஒரு பட்டறை

1980களில் நெய்வேலியில் வேலை முடித்து எங்கள் ஊரான மேல்பட்டாம்பாக்கத்துக்குத் திரும்பிய தொழிலாளிக்கு மாதப் பென்ஷன் கிடையாது. அப்போது நடைமுறையில் இருந்தது 1971ஆம் ஆண்டின் குடும்ப ஓய்வூதியத் திட்டம். வேலையில் இருக்கும்போதே தொழிலாளி இறந்துபோனால் அவர் மனைவிக்கு மாதத் தொகை கிடைக்கும். உயிரோடு ஓய்வு பெற்றவருக்கு அப்படி ஒன்றும் இல்லை. பி.எஃப். பணமும் கிராஜுவிட்டியும் மொத்தமாகக் கைக்கு வரும், அத்தோடு சரி. பி.எஃப். உறுப்பினருக்கு மாத ஓய்வூதியம் என்ற ஏற்பாடே 1995 நவம்பரில்தான் வந்தது. அந்தத் தலைமுறையினர் ஓய்வுக்குப் பிறகு ஏன் புதிதாக எதையும் தொடங்கவில்லை என்று கேட்பவர்கள் முதலில் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர்களுக்கு ஊக்கம் குறைவு என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எப்படிப்பட்டவர்கள் அவர்கள்! 1935இல் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தம் நிலத்தில் ஆழ்குழாய்க் கிணறு இறக்கியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வெளிவந்தது. 1956இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பிறந்தது. 1957 மே மாதம் நேரு முதல் சுரங்கத்தைத் தொடங்கி வைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது, அடுத்த ஆண்டே மின்சாரம் ஓடியது. சுரங்கம் தோண்டும் ராட்சத எந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன; அனல்மின் நிலையம் சோவியத் உதவியில் எழுந்தது. அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தில் கரும்பும் மல்லாட்டையும் பயிரிட்ட குடும்பத்துப் பிள்ளைகள்தான் அந்த எந்திரங்களின் மொழியைக் கற்றார்கள். அப்பாவுக்குத் தெரிந்தது ஏர். மகனுக்குத் தெரிந்தது பக்கெட் வீலும் கன்வேயரும். ஒரே தலைமுறையில் இவ்வளவு கற்றவர்களை ஐம்பத்தெட்டு வயதில் திண்ணையில் உட்காரவைத்தது அந்தக் காலத்தின் ஏற்பாடு.

பணம் வருவதற்கு முன்பே அது போகும் வழி முடிவாகிவிடும். மூத்த பெண்ணின் கல்யாணக் கடன், இளையவளின் நகை, ஓட்டு வீட்டை மெத்தை வீடாக்கும் செலவு, மிச்சம் இருந்தால் தம்பியோடு சேர்ந்து அரைக்காணி நிலம். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும் என்பதால் வீடு கட்டாமல் தீராது. 1987 கணக்குப்படி சட்டப்படியான கிராஜுவிட்டியின் உச்ச வரம்பே 50,000 ரூபாய். இதில் கடை வைப்பதைப் பற்றி யார் யோசிப்பார்கள்?

கையில் ஏதாவது தங்கியவர்களைத் தேடி வேறு வகை ஆட்கள் வந்தார்கள். 1990களில் நகருக்கு நகர் முளைத்த ஃபைனான்ஸ் கம்பெனிகள் நூற்றுக்கு இருபத்து நான்கு, முப்பத்தாறு என்று வட்டி சொல்லின. தேக்குமரக் கன்றுக்குப் பணம் போட்டால் இருபது வருடத்தில் லட்சாதிபதி என்றார்கள். 1997, 98க்குள் பல நிறுவனங்கள் இழுத்து மூடப்பட்டன. முதலீட்டாளர் நலனைக் காக்கத் தமிழ்நாடு 1997இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. சட்டம் வந்தும் ஆசை ஓயவில்லை. 2012இல் பெருந்துறையில் ஈமு கோழிப் பண்ணைகள் விழுந்தபோது அதிலும் ஓய்வூதியர் பணம் இருந்தது. இந்த நஷ்டங்களின் நினைவு வீடுகளில் இன்னும் இருக்கிறது. அறுபது வயதுக்காரர் "தொழில் தொடங்கப் போகிறேன்" என்றதும் பிள்ளைகள் முகம் கறுப்பது வெறும் பிடிவாதத்தால் அன்று. அப்பாவின் பணம் ஒருமுறை போனதை அந்தக் குடும்பம் பார்த்திருக்கிறது.

நேர்மையாக மண்ணில் போட்ட பணமும் தப்பவில்லை. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு வாங்கியவர்கள் நல்ல கணக்கோடுதான் வாங்கினார்கள்: அதிகம் தண்ணீர் கேட்காத மரம், ஆண்டுக்கு ஒரு வெள்ளாமை, வயதான காலத்தில் கட்டிக் காக்கக்கூடிய சொத்து. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தானே புயல் கரையேறியது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. முப்பது வருட மரம் போனால் இருபத்தைந்து வயதுக்காரன் மறுபடி நடலாம். அறுபத்தைந்து வயதுக்காரருக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. ஓய்வுக்குப் பிறகு தொடங்கும் தொழிலில் மற்ற எதையும்விட முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: விழுந்தால் எழுந்திருக்க எத்தனை வருடம் ஆகும்?

இன்று நிலைமை வேறு. மத்தியப் பொதுத்துறையில் ஓய்வு வயது 1998இல் 60 ஆயிற்று. கிராஜுவிட்டி உச்ச வரம்பு 2018இல் 20 லட்சத்துக்கு ஏறியது. பி.எஃப். பென்ஷன் சொற்பம்தான், 15,000 ரூபாய்ச் சம்பள வரம்பின்படி முழுச் சேவை செய்தவருக்கே மாதம் 7,500 ரூபாயைத் தாண்டாது. சொற்பமானாலும் அரிசி, பருப்புக்கு அது ஆகிறது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 2023 ஏப்ரலிலிருந்து 30 லட்சம் வரை போட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வாங்கலாம். சோற்றுக்கு வழி இருப்பதால்தான் மனிதர்களால் இப்போது அடுத்ததை யோசிக்க முடிகிறது. உடம்பும் ஒத்துழைக்கிறது. அறுபதில் ஓய்வு பெறுபவருக்கு இன்னும் பத்துப் பதினைந்து வருட உழைப்பு மிச்சமிருக்கிறது.

எங்கள் ஊரில் கடலூர்–பண்ருட்டிச் சாலையை ஒட்டி மோட்டார் காயில் கட்டும் பட்டறை ஒன்று இருக்கிறது. நடத்துபவர் சுரங்கத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பட்டறை திறந்த அன்று உறவுக்காரப் பையன் கேட்டானாம்: "மாமா, பசங்க நல்லா சம்பாதிக்கிறாங்க, உங்களுக்கு எதுக்கு இந்தக் கரி வேலை?" அவர் சொன்ன பதில்: "மாப்ள, மோட்டார் சத்தத்த வச்சே அதோட நோவ சொன்னவன் நான். வீட்டுல ஃபேன் சத்தத்த மட்டும் கேட்டுக்கிட்டு எப்படி உட்காந்திருப்பேன்?"

அவர் தொழிலைத் தேர்ந்த விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை 1840களிலிருந்து இருக்கிறது. அதைச் சுற்றிக் கரும்பு, கரும்புக்குத் தண்ணீர், தண்ணீருக்கு மோட்டார். வோல்டேஜ் குறைந்தாலோ மும்முனையில் ஒன்று போனாலோ மோட்டார் எரியும். கரும்பு வாடும்போது விவசாயி பொறுத்திருக்க மாட்டார், டாடா ஏஸில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார். எரிந்த காயிலைப் பிரிக்கும்போதே எத்தனை சுற்று, கம்பி என்ன கேஜ், எந்த ஸ்லாட்டிலிருந்து எந்த ஸ்லாட்டுக்குப் போகிறது என்று நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். அதே கணக்கில் புதுக் கம்பி சுற்றி, காப்புத் தாள் வைத்து இறக்கி, வார்னிஷ் ஊற்றிச் சூட்டில் காயவைத்து, மெக்கர் வைத்துப் பார்த்த பிறகுதான் மோட்டாரைக் கையில் கொடுக்கலாம். இதில் அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. இடம் சொந்த வீட்டின் முன்பகுதி, வாடகை கிடையாது. ஓய்வுப் பணத்தில் பெரும்பகுதியைத் தபால் நிலையத்தில் போட்டுவிட்டு, போனால் போகட்டும் என்று மனைவியும் ஒப்புக்கொண்ட தொகையை மட்டும் இதில் இறக்கினார்.

தெரியாதது வேறு இடத்தில் இருந்தது. சுரங்கத்தில் யாரும் பேரம் பேச மாட்டார்கள். வேலை பார்த்தார், சம்பளம் வந்தது. தன் வேலைக்குத் தானே விலை சொல்வது எப்படி என்று அறுபது வயதில்தான் கற்றுக்கொண்டார். முதலில் வாய் வராமல் கம்பி விலையை மட்டும் வாங்கியிருக்கிறார். "அடுத்த வெட்டுக்குத் தர்றேன் சித்தப்பா" என்கிற உறவுக்காரரிடம் எப்போது சரி சொல்வது, எப்போது முகம் வாடாமல் மறுப்பது என்பது எந்த ஷிஃப்டிலும் கற்றுத்தராத பாடம். கைபேசியில் பணம் வந்த சத்தத்தை நம்பலாமா என்று பேரனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஐ.டி.ஐ. முடித்த பையனைக் கூட வைத்திருக்கிறார். அவனுக்குச் சொல்லிக் கொடுக்கும்போதுதான் தனக்கு எவ்வளவு தெரியும் என்பதே தெரிந்தது என்றார். வருமானத்தைவிட இந்த வளர்ச்சிதான் எனக்குப் பெரிதாகப்படுகிறது. முப்பத்தைந்து வருடம் உத்தரவு கேட்டு நடந்தவர், இன்று தன் பெயரில் ஒரு வார்த்தை கொடுத்து அதைக் காப்பாற்றுகிறார்.

புதுச்சேரி–கடலூர்ச் சாலையில் தவளக்குப்பத்தில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண்புரை அறுவைக்காக இந்தப் பக்கத்திலிருந்து பலர் போய் வருகிறார்கள். அந்த நிறுவனத்தின் தொடக்கமும் ஒரு பணி ஓய்வுதான். மதுரை அரசு மருத்துவமனையில் கண் மருத்துவராக இருந்த கோ. வெங்கடசாமி 1976இல், 58 வயதில், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். இளமையிலேயே மூட்டுவாதம் தாக்கி விரல்கள் கோணிப்போன மனிதர். அந்த விரல்களால் கத்தி பிடிக்கத் தம்மைப் பழக்கி அறுவை சிகிச்சை செய்தவர். ஓய்வு பெற்ற அதே ஆண்டில் 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கினார். தங்கை நாச்சியார் உட்பட உடன்பிறந்தவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் கூட நின்றார்கள். பணம் கொடுப்பவர் தரும் கட்டணத்தில், கொடுக்க முடியாதவருக்கும் பார்வை தருவது என்ற ஏற்பாட்டை நிலைநிறுத்தினார்கள். 1992இல் ஆரோலேப் தொடங்கி, வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை மதுரையிலேயே மிகக் குறைந்த விலைக்குச் செய்தார்கள். 2006இல் அவர் மறைந்தபோது ஓய்வுக்குப் பின் முப்பது ஆண்டுகள் உழைத்திருந்தார். எல்லோரும் வெங்கடசாமி ஆக முடியாது என்பார்கள். ஆக வேண்டியதும் இல்லை. அவர் புதிய தொழிலைத் தேடி அலையவில்லை, கைக்குத் தெரிந்த வேலையைத் தம் விருப்பப்படி செய்யும் இடத்தை உண்டாக்கினார் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். எங்கள் ஊர்ப் பட்டறைக்காரர் செய்ததும் அதுதான்.

தொழில்தான் வேண்டும் என்பதும் இல்லை. உ.வே. சாமிநாதையர் 1919இல் மாநிலக் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றார். குறுந்தொகையை அவர் பதிப்பித்தது 1937இல். தன்வரலாறான ‘என் சரித்திரம்’ நூலை எழுதத் தொடங்கியபோது வயது எண்பதைத் தாண்டியிருந்தது. நெய்வேலியில் 1998 முதல் புத்தகக் கண்காட்சி நடக்கிறது. வேலையில் இருந்த காலத்தில் வாங்கி அடுக்கியதை இப்போதுதான் படிக்கிறேன் என்று சொல்லும் ஓய்வூதியர்கள் இருக்கிறார்கள். அப்படிப் படிப்பது எந்தத் தொழிலுக்கும் குறைந்ததில்லை.

இந்த மாற்றத்தில் பெண்களின் பங்கு போதிய அளவு பேசப்படவில்லை. அன்று கணவர் ஓய்வு பெற்ற நாளில் மனைவிக்கு வேலை கூடியது. பகல் சாப்பாடும் நடுவே இரண்டு காபியும் கூடுதலாயின, ஓய்வு யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. இன்று மகளிர் சுய உதவிக் குழுவில் கணக்கு எழுதிப் பழகிய பெண்கள், கணவரின் கடைக் கணக்கையும் தாங்களே பார்க்கிறார்கள். இட்லிப் பொடியும் முந்திரிப் பருப்பும் சிறு பொட்டலமாகப் போட்டுத் தனியாக விற்கிறார்கள். ஆனால் சமையலறை இன்னும் அவர்களிடமே இருக்கிறது. ஓய்வுக்குப் பின் தன்னை வளர்த்துக்கொள்ள நினைக்கிற ஆண் முதலில் கற்க வேண்டியது சோறு வடிக்க என்பேன். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. அதே சுரங்கத்தில், அதே வெயிலில் வேலை பார்த்த ஒப்பந்தத் தொழிலாளிக்கு மேலே சொன்னவை பெரும்பாலும் பொருந்தாது. பி.எஃப். திட்டத்தின் குறைந்தபட்சப் பென்ஷன் 2014 செப்டம்பரில் 1,000 ரூபாய் என்று வைக்கப்பட்டது. அந்தப் பணத்தில் வாழ முடியாதவர் அறுபதுக்குப் பிறகு ஏ.டி.எம். வாசலில் செக்யூரிட்டி வேலைக்குப் போகிறார். விரும்பித் தொடங்கிய தொழிலையும் வேறு வழியில்லாமல் ஏற்ற வேலையையும் ஒரே கணக்கில் எழுதி, முதியோர் சுறுசுறுப்பாக இருக்கிறார்கள் என்று மகிழ்வது அநியாயம். அவருக்கு முதலில் கிடைக்க வேண்டியது வாழக்கூடிய பென்ஷன்.

அரசும் வங்கியும் அறுபதைக் கடந்தவரை இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. மாநிலத்தின் வேலையற்ற இளைஞர்களுக்கான கடன் திட்டத்தில் வயது உச்ச வரம்பு உண்டு; இளைஞர்களுக்கான திட்டம் என்பதால் அது நியாயம். ஓய்வு பெற்ற தொழிலாளிக்கென்று ஒரு சிறு திட்டம் இருந்தால் என்ன? பெரிய தொகை வேண்டாம். ஒரு பட்டறைக்கு ஆகும் கருவிச் செலவும், கூட ஒரு இளைஞனைப் பழக்கினால் அவனுக்கு உதவித்தொகையும் போதும். கற்ற கை மண்ணுக்குப் போவதற்குள் அடுத்த கைக்குப் போய்ச் சேரும்.

அதுவரை இருப்பதைப் பயன்படுத்துவோம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் பதினெட்டு வயது முடிந்திருந்தால் போதும், மேல் வயது வரம்பு கிடையாது. கிராமப்புறத்தில் பொதுப் பிரிவினருக்குத் திட்டச் செலவில் 25 சதவீதமும், பெண்கள், பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதியினர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 35 சதவீதமும் மானியம் உண்டு. ஓய்வுக்கு இன்னும் நான்கைந்து வருடம் இருக்கிறவர்கள் கடலூரிலுள்ள மாவட்டத் தொழில் மையத்துக்கு ஒருமுறை போய் விசாரியுங்கள், மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஓய்வுப் பணத்தை மொத்தமாகக் கேட்டு யார் வந்தாலும், அவர் உறவாகவே இருந்தாலும், கொடுக்காதீர்கள்.