நிலவரி பாக்கி நின்றால் என்ன நேரும்?

தவணை தப்பிய கிஸ்தி சட்டப்படி பாக்கியாகிவிடுகிறது. தமிழ்நாடு வருவாய் வசூல் சட்டம் 1864-ஆம் ஆண்டுச் சட்டம். ஆயினும் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன்படி நிலமும், அதன் மேலுள்ள கட்டடமும், விளைச்சலும் வரிக்கு ஈடு.

முதலில் கேட்பு அறிவிப்பு வரும். அப்போதே கட்டிவிடுவது மேல். தவறினால் அசையும் பொருளோ நிலமோ ஜப்தியாகி ஏலத்திற்கு வரலாம். வட்டியும் ஜப்திச் செலவும் பாக்கியுடன் சேரும். வரிப் பாக்கிக்காக ஏலம் போகும் நிலம் வில்லங்கமின்றி விற்கப்படும். எனவே அடமானம் பிடித்தவருக்கும் நட்டமே.

குத்தகைதாரர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிலச் சொந்தக்காரர் வரி கட்டாமல் விட்டால், பயிரிடுபவரே பாக்கியைச் செலுத்தி நிலத்தை ஜப்தியிலிருந்து மீட்கலாம்; அத்தொகையைக் குத்தகையில் கழித்துக்கொள்ளலாம். இதை அறியாமல் பயிரையும் பறிகொடுக்க வேண்டாம். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், கழிவு கேட்கும்போது அதுவே சாட்சி.

ஏலமே முடிந்துவிட்டதா? 30 நாட்களுக்குள் பாக்கி, வட்டி, செலவு ஆகியவற்றுடன் ஏலத் தொகையில் நூற்றுக்கு 5 வீதம் கூடுதலாகக் கட்டி, ஏலத்தை ரத்து செய்யுமாறு மாவட்ட ஆட்சியருக்கு மனுச் செய்யலாம்.

வீட்டு வரி ஊராட்சிக்குச் சேர்வது. நிலவரி ரசீதைக் காட்டி அதைத் தள்ளிவிட முடியாது.