ஓய்வு பெற்றும் ஓயாத முதுமை

மலைநாட்டில் இலையுதிர் காலம் என்றொரு பருவம் கிடையாது. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் ஹட்டன், டிக்கோயா, தலவாக்கலைப் பகுதிகளில் பிற்பகல் மழையும் மாலையில் மூடுபனியும் உண்டு. தேயிலைச் செடியோ ஆண்டு முழுவதும் பச்சையாகவே நிற்கும். ஆயினும் மனித வாழ்வில் அப்பருவம் எல்லோருக்கும் வந்தே தீருகின்றது. 2020ஆம் ஆண்டு கொவிட் பெருந்தொற்று இலங்கையை முடக்கிய வேளையில், தோட்டங்களில் உழைத்து ஓய்வு பெற்றிருந்த முதியோர் அப்பருவத்தை எவ்வாறு கழித்தனர் என்பது பற்றிப் பத்திரிகைகளாகிய நாம் எழுதியது மிகச் சொற்பமே. தொழிலாளரின் சம்பளத்தைப் பற்றி எழுதினோம். தேயிலையின் விலையைப் பற்றியும் எழுதினோம். வேலை முடிந்து வீட்டில் இருந்தவர்களை மறந்தே போனோம்.

விடயத்தை விளங்கிக்கொள்வதற்காக ஒரு தம்பதியரை எடுத்துக்கொள்வோம். இவர்கள் குறிப்பிட்ட எவரும் அல்லர். ஏறத்தாழ எல்லாத் தோட்டங்களிலும் காணக்கூடியவர்கள். கணவர் 1959இல் பிறந்தவர். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிய ஒரு குடும்பத்தின் பிள்ளை. இருபது வயதில் தோட்டத்தில் பேர் பதிந்து, கவ்வாத்து வெட்டியும் மருந்து அடித்தும் நாற்பது வருடங்கள் உழைத்து, 2019இல் அறுபதாவது வயதில் விலகியவர். மனைவி கொழுந்துக் கூடையைச் சில வருடங்களுக்கு முன்பே இறக்கி வைத்தவர். மகன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கின்றார். மருமகள் இன்னமும் தோட்டத்தில் கொழுந்து பறிக்கின்றார். பேரப்பிள்ளைகள் இருவர். குடியிருப்பு, பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவிலான ஒரு லயக் காம்பராவும் அதன் முன்னால் ஓர் இஸ்தோப்பும்.

அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் ஓய்வு பெற்றால் அவருக்கு மாதாந்த ஓய்வூதியம் உண்டு. அவர் மறைந்தால் மனைவிக்கும் உண்டு. விவசாயிகளுக்கென 1987இலும் மீனவர்களுக்கென 1990இலும் ஓய்வூதியத் திட்டங்கள் கொண்டுவரப்பட்டன. அவை நடைமுறையில் எவ்வளவு தள்ளாடின என்பது வேறு கதை. தோட்டத் தொழிலாளிக்கு அத்தகைய மாதாந்தக் கொடுப்பனவு எதுவும் இல்லை. அவருக்குக் கிடைப்பவை மூன்று. 1958ஆம் ஆண்டின் சட்டப்படி தொழிலாளி 8 வீதமும் நிர்வாகம் 12 வீதமும் செலுத்தும் ஊழியர் சேமலாப நிதி ஒன்று. 1980இல் ஏற்படுத்தப்பட்ட, நிர்வாகம் மாத்திரம் 3 வீதம் செலுத்தும் ஊழியர் நம்பிக்கை நிதி மற்றொன்று. மூன்றாவது, சேவைக்காலப் பணம் என்று தோட்டங்களில் வழங்கும் பணிக்கொடை. மூன்றுமே ஒரே தடவையில் கைக்கு வந்து முடிந்துவிடுபவை.

இவற்றுள் மூன்றாவதன் கணக்கைச் சற்று விரிவாகப் பார்த்தல் தகும். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, நாட்சம்பளம் பெறும் தொழிலாளிக்கு ஒவ்வொரு சேவை வருடத்திற்கும் பதினான்கு நாட் சம்பளம் உரித்தாகும். எந்தச் சம்பளம்? இறுதியாகப் பெற்ற சம்பளம். 2019 ஜனவரியில் கைச்சாத்தான கூட்டு ஒப்பந்தம் அடிப்படை நாட்சம்பளத்தை 700 ரூபாவாக்கியது. எனவே, நாம் மேலே குறிப்பிட்டவருக்குப் பதினான்கு நாட்களுக்கு 9,800 ரூபா வீதம், நாற்பது வருடங்களுக்கு 3 இலட்சத்து 92 ஆயிரம் ரூபா கிடைக்கும். 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபையின் ஊடாக அடிப்படைச் சம்பளம் 900 ரூபாவாகவும், வரவுசெலவுத் திட்ட நிவாரணப்படி 100 ரூபாவாகவும் ஆக்கப்பட்டு ஆயிரம் ரூபா கனவு நிறைவேறியது. அதே நாற்பது வருடங்களை முடித்து அதன் பின்னர் விலகியவருக்கு, 900 ரூபாவை மட்டும் வைத்துக் கணக்கிட்டாலும், 5 இலட்சத்து 4 ஆயிரம் ரூபா. ஒரே மலையில் ஒரே கத்தியைப் பிடித்த இருவருக்கிடையில், பிறந்த ஆண்டு சற்று முந்தியதற்காக ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட வித்தியாசம்.

கிடைத்த பணமும் நீண்ட நாள் தங்குவதில்லை. மகளின் திருமணக் கடன், அடகில் இருந்த நகை, ஒழுகும் கூரைக்குத் தகரம் என்று அது கரைந்து போகும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், தேசிய அடையாள அட்டையில் ஒரு பெயர், சேமலாப நிதிக் கணக்கில் வேறொரு எழுத்து என்றிருப்பதால் பணத்தை எடுப்பதற்கே மாதக்கணக்கில் அலைபவர்களும் உண்டு. ஒரு காலத்தில் தோட்டத்துப் பதிவேடுகளில் பெயரை எழுதியவர்கள் அவசரத்தில் இட்ட எழுத்துகளுக்கு, அறுபது வயதில் தொழிலாளி விலை கொடுக்கின்றார்.

அரசாங்கத்தின் முதியோர் கொடுப்பனவு அன்று மாதம் 2,000 ரூபா. அதுவும் எழுபது வயதைக் கடந்தவர்களுக்கே. ஆக, அறுபதுக்கும் எழுபதுக்கும் இடையில் பத்து வருட இடைவெளி. அந்தப் பத்து வருடங்களைத் தாங்கி நிற்பவை மகன் கொழும்பிலிருந்து அனுப்பும் பணமும், கிழவி ஞாயிற்றுக்கிழமைகளில் கைக்காசுக்குப் பறிக்கும் கொழுந்தும், லயத்தின் பின்புறத்தில் உள்ள சிறு மரக்கறிப் பாத்தியும்தான். குடியிருக்கும் காம்பராவும் அவர்களுக்குச் சொந்தமன்று. வீட்டில் ஒருவரேனும் தோட்டத்தில் பேர் பதிந்திருந்தால்தான் இருப்பிடம் நிலைக்கும் என்ற எண்ணம் பல தோட்டங்களில் வலுவாக உள்ளது. மருமகள் மழையிலும் மலைக்குப் போவதற்கு அதுவும் ஒரு காரணம். ஏழு பேர்ச்சஸ் காணியும் தனி வீடும் கிடைத்த குடும்பங்கள் உண்டு, கிடைக்காதவையே அதிகம்.

இந்த நிலையில்தான் 2020 மார்ச் 20ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. தேயிலைத் தோட்டங்களுக்கு அதிலிருந்து விலக்களிக்கப்பட்டது. நாடே வீட்டில் இருக்க, மருமகள் வழமைபோல் காலையில் பிரட்டுக்குச் சென்றார். 1883இல் ஆரம்பமான கொழும்புத் தேயிலை ஏலம் 2020 ஏப்ரலில் முதன்முறையாக இணையவழிக்கு மாற்றப்பட்டது. அந்த ஆண்டில் நாட்டின் தேயிலை உற்பத்தி சுமார் 27 கோடியே 80 இலட்சம் கிலோகிராம். முந்திய ஆண்டைவிடக் குறைவெனினும், ஆண்டின் தொடக்கத்தில் நிலவிய வறட்சிக்கும் அதில் பங்குண்டு. தேயிலை தனக்கொரு வழியைக் கண்டுகொண்டது என்பதே இதன் பொருள்.

முதியவர்களுக்கான வழி அவ்வளவு எளிதாகத் திறக்கவில்லை. பாடசாலைகள் மூடப்பட்டமையால் பேரப்பிள்ளைகள் நாள் முழுவதும் பாட்டியின் பொறுப்பாயினர். விடியற்காலையில் அடுப்பை மூட்டி, தேநீர் ஊற்றி, ரொட்டி தட்டி, மருமகளை அனுப்பிவிட்டு, பிள்ளைகளைக் கவனித்து, பொதுக் குழாயில் தண்ணீர் பிடித்து வைப்பது அவரின் நாளாயிற்று. தாத்தாவின் நாள் விறகு தேடுவதிலும், ஊரடங்கு தளர்த்தப்படும் நாட்களில் கடை வரிசையில் நிற்பதிலும் கழிந்தது. ஓய்வு என்னும் சொல்லை இவர்களிடம் பிரயோகிப்பதற்கே கூச்சமாக இருக்கின்றது.

நோயாளர்களின் கிளினிக் மருந்துகளை அஞ்சல் மூலம் வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாட்டை அன்று சுகாதாரத் துறை செய்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் லயக் காம்பராவுக்கு இலக்கம் இல்லை. வீதிக்குப் பெயர் இல்லை. தோட்ட மக்களுக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் தோட்டக் காரியாலயத்திற்கே வந்து, அங்கிருந்து எவர் கையிலாவது ஏறி, என்றாவது ஒருநாள் லயத்தை அடைகின்றன. நேர்முகத் தேர்வுக் கடிதம் தேர்வு முடிந்த பின்னர் கிடைத்த கதைகளை மலையகத்தில் கேட்காதவர் இல்லை. இரத்த அழுத்த மாத்திரைக்கும் அதே பாதைதான். மாத்திரை தீர்ந்துபோனால் பாதியாக உடைத்து இரண்டு நாளைக்கு வைத்துக்கொள்வது ஏழை முதியவர்களின் பழைய வைத்தியம்.

ஏப்ரல், மே மாதங்களில் அரசாங்கம் 5,000 ரூபா நிவாரணம் வழங்கியது. சமுர்த்திப் பட்டியலில் தோட்ட மக்கள் உரிய அளவில் இடம்பெறவில்லை என்ற முறைப்பாடு பெருந்தொற்றுக்கு மிக முந்தியது. வீட்டில் ஒருவர் வேலை செய்கின்றார் என்ற காரணத்தால், அந்த ஒருவரின் நாட்சம்பளத்தில் ஐவர் சாப்பிட வேண்டியிருந்தது பல சந்தர்ப்பங்களில் கணக்கில் எடுக்கப்படவில்லை.

ஒக்டோபர் மாதத்தில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையிலும், பின்னர் பேலியகொடை மீன் சந்தையிலும் தொற்று பரவியபோது மேல் மாகாணம் முடங்கியது. கொழும்பின் கடைகளிலும் உணவகங்களிலும் வீடுகளிலும் வேலை செய்யும் மலையக இளைஞர், யுவதிகளின் சம்பளம் நின்றது. தோட்டத்திற்கு வரும் பணமும் நின்றது. நவம்பர் 14ஆம் திகதி தீபாவளி. அதற்கு முன்னதாக, 11ஆம் திகதி நள்ளிரவு முதல் 15ஆம் திகதி வரை மேல் மாகாணத்தை விட்டு வெளியேறத் தடை விதிக்கப்பட்டது. சுகாதார ரீதியில் அத்தடையைப் பிழை என்று கூறுவதற்கில்லை. கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் ஊர் திரும்பும் பெருநாள் தோட்டங்களுக்குத் தீபாவளிதான். பெற்றோருக்குப் புதுச்சேலையும் சாரமும் வருவதும், அடகு நகை மீள்வதும் அன்றுதான். அந்த வருடம் மகன் தொலைபேசியில் மட்டுமே வந்தார். முன்னதாகவே வந்து சேர்ந்தவர்களைப் பதினான்கு நாட்கள் தனிமைப்படுத்தும்படி சுகாதாரப் பரிசோதகர்கள் பணித்தனர். ஒற்றைக் காம்பராவில் எங்கே தனிமைப்படுத்துவது? மகனுக்குக் காம்பராவை விட்டுக்கொடுத்துவிட்டு, நவம்பர் மாதக் குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிழவனும் கிழவியும் இஸ்தோப்பில் படுப்பதே அதற்கான விடை. ஒரு வாசலில் அறிவித்தல் ஒட்டப்பட்டால், ஒரே குழாயையும் ஒரே மலசலகூடத்தையும் பாவிக்கும் பன்னிரண்டு குடும்பங்களும் ஒதுக்கப்பட்டது போலாயின.

அந்த மாதங்களில் அடுப்பு எரிந்ததற்குக் கடன் கொப்பி ஒரு காரணம். மலையக நகரங்களின் சில்லறைக் கடைகளிற் கணிசமானவற்றை நடத்துவோர் முஸ்லிம்கள். தோட்டத்துச் சம்பள நாளைப் பார்த்துக் கடன் கொடுத்து வசூலிப்பது தலைமுறைகளாக நடந்துவரும் வழக்கம். தோட்டத்துக் கிழவருக்கு 'முதலாளி'யும் முதலாளிக்குத் தோட்டத்து 'அண்ணனும்' நெடுங்காலத்து அறிமுகம். அந்தக் கடைக்குப் பின்னாலுள்ள வீட்டிலும் வயோதிபத் தம்பதியர் இருந்தனர். அவர்களுக்கும் வியாபாரம் படுத்தது. கொடுத்த கடன் திரும்பவில்லை. ஆனால் அவர்களின் உறக்கத்தைக் கெடுத்தது வேறொன்று.

2020 ஏப்ரல் 11ஆம் திகதி வெளியான வர்த்தமானி, கொவிட் தொற்றினால் இறப்போரின் உடல்கள் தகனம் செய்யப்பட வேண்டும் எனக் கட்டாயமாக்கியது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டல் அடக்கத்தையும் அனுமதித்திருந்தது. ஆயினும் நிலத்தடி நீர் மாசடையும் என்ற வாதத்தின் பேரில் அடக்கம் மறுக்கப்பட்டது. முஸ்லிம் முதியவர் ஒருவருக்கு இதன் பொருள் யாது? நோய்க்கு அஞ்சுவதிலும் பார்க்க, நோயென்று பதியப்படுவதற்கு அஞ்ச வேண்டிய நிலை அது. காய்ச்சலோடு வைத்தியசாலைக்குப் போனால் திரும்பி வராது விடலாம். வராது விட்டால் குளிப்பாட்டலும் கபனிடலும் இன்றி நெருப்புக்குப் போகலாம். இந்த அச்சத்தினால் சிகிச்சையைத் தள்ளிப்போட்ட முதியவர்கள் இருந்தனர். மருத்துவ ரீதியாகப் பார்த்தாலும் இது ஆபத்தானது; நோயை மறைக்கத் தூண்டும் சட்டம் நோயைக் கட்டுப்படுத்தாது.

அது முஸ்லிம்களின் துயரம் மட்டும் என்று எண்ணுவதும் தவறு. தோட்டத் தமிழ் மக்களிற் பெரும்பாலோர் இறந்தோரைப் புதைப்பதையே வழக்கமாகக் கொண்டவர்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் தேயிலை மலைக்கு இடையே மயானம் ஒன்றுண்டு. சொந்தக் காணி என்று எதுவும் இல்லாத மக்களுக்கு முன்னோர் கிடக்கும் அந்த நிலமே ஊர் என்பதன் அடையாளம். 2021 பெப்ரவரி 25ஆம் திகதி அடக்கத்திற்கு அனுமதி வழங்கப்பட்டு, மார்ச் முதல் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடியில் உடல்கள் அடக்கம் செய்யப்பட்டன. ஒரு வருடத்தில் அங்கு அடக்கப்பட்ட 3,600க்கும் மேற்பட்டோரில் மிகப் பெரும்பான்மையினர் முஸ்லிம்கள்; இந்துக்களும் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் அவர்களோடு கிடக்கின்றனர். மலையகத்திலிருந்து அங்கு கொண்டுசெல்லப்பட்டவரின் மனைவிக்கு, கணவரின் கபுறடிக்குப் போவதென்பது மலையிறங்கி மாகாணம் கடந்து செல்லும் ஒருநாட் பயணம். 2022 மார்ச்சில்தான் வேறிடங்களிலும் அடக்கலாம் என்றானது. கட்டாயத் தகனத்திற்காக 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது.

தடுப்பூசி 2021இல் வந்தது. அறுபது வயதைக் கடந்தோர் முன்னுரிமை பெற்றனர். வரிசையில் நின்று இரண்டு ஊசிகளையும் ஏற்றிக்கொண்ட தோட்டத்து முதியவர்களைப் பற்றி முறைப்பாடு கூற எதுவுமில்லை. நோய் விலகியபோது விலைவாசி வந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பொருட்களுக்கு அது 94.9 வீதம். தோட்ட வீடுகளில் தினமும் ரொட்டியாகும் கோதுமை மாவின் விலை ஒரு வருடத்திற்குள் ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. மாதந்தோறும் கிடைக்கும் ஓய்வூதியமாயின் அரசாங்கம் ஏதோ ஒரு படியைச் சேர்த்துக் கொடுக்கலாம். வங்கிப் புத்தகத்தில் கிடக்கும் மொத்தத் தொகைக்கு எவரும் படி சேர்ப்பதில்லை. 3 இலட்சத்து 92 ஆயிரத்தில் எஞ்சியிருந்தது எவ்வளவாயினும், அது வாங்கக்கூடிய மா பாதியாகவும் காலாகவும் சுருங்கியது. கிழவி மீண்டும் கூடையைத் தூக்கினார், கைக்காசுக் கொழுந்துக்கு.

2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அதன் பின்னரும் உயர்வு பற்றிய பேச்சு ஓயவில்லை. அவை அனைத்தும் இன்று பேர் பதிந்து வேலை செய்வோருக்கானவை. பெருந்தொற்றுக்கு முன்னர் விலகியவரின் கணக்கு 700 ரூபாவிலேயே முடிக்கப்பட்டு மூடப்பட்டுள்ளது. அவருக்கு எழுபது வயதாக இன்னும் சில வருடங்கள் இருக்கின்றன.