காப்பிக் கூம்பு வாங்குவதற்கு முன்

பேரங்காடிகளின் சமையல் பொருள் பகுதியில் அண்மைக் காலமாக ஓர் அழகான கூம்பு இடம்பிடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி, பீங்கான், பிளாஸ்டிக் எனப் பல வகை உண்டு. அதனுள் காகித வடிகட்டியை வைத்து, காப்பித் தூளைப் போட்டு, மேலிருந்து சுடுநீரை மெல்ல ஊற்றினால் கீழே உள்ள குவளையில் காப்பி சொட்டும். 'போர் ஓவர்' என்று சொல்கிறார்களே, அது இதுதான். என் நான்காம் படிவ மாணவி ஒருவர், விடுமுறையில் பகுதிநேர வேலை செய்து சேர்த்த 200 வெள்ளியில் தம் அப்பாவுக்கு இதை வாங்கித் தர விரும்பினார். "எந்தக் கூம்பு டீச்சர் நல்லது?" என்பது அவர் கேள்வி.

கூம்பைப் பற்றி அப்புறம் பேசலாம். அந்த 200 வெள்ளியில் பெரும்பங்கு எதற்குப் போக வேண்டும் என்பதைக் காப்பித் தூளே சொல்லிவிடும்.

வறுத்த காப்பிக் கொட்டையின் எடையில் ஏறக்குறைய 30 விழுக்காடுதான் நீரில் கரையக்கூடியது. மீதியெல்லாம் நார். அந்த 30 விழுக்காட்டையும் முழுதாகக் கரைத்து எடுத்துவிட்டால் காப்பி வாயில் வைக்க முடியாத கசப்பாகிவிடும். 18 முதல் 22 விழுக்காடு வரை கரைந்தால் சுவை நன்றாக இருக்கும் என்பது காப்பித் துறையினர் நெடுங்காலமாகக் கையாளும் அளவு. புளிப்பு தரும் அமிலங்கள் விரைவில் கரைகின்றன. கசப்பும் துவர்ப்பும் தரும் பொருள்கள் மெதுவாக வருகின்றன. ஆகவே கரைவது குறைந்தால் காப்பி புளிக்கும், மிகுந்தால் கசக்கும். நாம் வாங்கும் ஒவ்வொரு கருவியின் வேலையும் இந்தக் கரைதலைச் சரியான இடத்தில் நிறுத்துவதுதான்.

கரையும் வேகத்தை அதிகம் மாற்றுவது பரப்பளவு. 1 சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 1 மில்லிமீட்டர் பக்கமுள்ள 1,000 சிறு கனசதுரங்களாக வெட்டினால் பரப்பு 60 சதுர சென்டிமீட்டர். பொருள் அதே அளவுதான், ஆனால் நீர் தொடும் இடம் பத்து மடங்கு. வேதியியல் பாடத்தில் சுண்ணாம்புக் கல்லின் கட்டியையும் தூளையும் அமிலத்தில் போட்டு வேகத்தை ஒப்பிட்டிருப்பீர்கள். இங்கும் அதே கணக்குத்தான்.

இப்போது பிளெண்டரில் காப்பிக் கொட்டையை அரைப்பதாக எண்ணுங்கள். சுழலும் கத்தி கண்ட இடத்தில் வெட்டுகிறது. சில துகள்கள் மாவாகின்றன, சில பாதிக் கொட்டையாகவே நிற்கின்றன. சுடுநீர் பட்டதும் மாவிலிருந்து கசப்பு வந்துவிடும். பெரிய துண்டுகளோ புளிப்பைத் தாண்டி வந்திருக்காது. ஒரே குவளையில் இரண்டு குறையும் சேர்ந்துவிட்ட பிறகு, எத்தனை விலையுள்ள கூம்பும் அதைச் சரிசெய்யாது. இதனால்தான் இரண்டு பல்வளையங்களுக்கு இடையே கொட்டையை நசுக்கி அரைக்கும் கைஅரைவை தேவைப்படுகிறது. அந்த வளையங்களுக்கு இடையே உள்ள இடைவெளியைத் திருகித் திருகி மாற்றலாம். ஏறக்குறைய ஒரே அளவுத் துகள்கள் கிடைக்கும். பணத்தில் பாதிக்கு மேல் இதற்கே ஒதுக்குங்கள். அதற்கு வழியில்லையென்றால் கொட்டை வாங்கும் கடையிலேயே சிறிது சிறிதாக அரைத்து வாங்குங்கள். மலிவான கத்தி அரைவையை வாங்குவதைவிட அது மேல் என்பது என் கருத்து.

அடுத்தது தராசு. "எங்கள் வீட்டில் கரண்டி இருக்கிறதே" என்பீர்கள். அதிகம் வறுத்த கொட்டை நீரை இழந்து உப்பியிருக்கும். குறைவாக வறுத்தது கெட்டியாக இருக்கும். ஒரே கரண்டி இரண்டுக்கும் இரு வேறு எடையைக் காட்டும். 15 கிராம் தூளுக்கு 240 கிராம் நீர், அதாவது 1:16 என்பது தொடங்குவதற்கு நல்ல விகிதம். குவளையைத் தராசின் மேலேயே வைத்து நீரை ஊற்றினால் தனியாக அளக்க வேண்டியதில்லை. ரொட்டி, கேக் செய்ய வீட்டில் ஏற்கனவே மின்தராசு இருந்தால் அதுவே போதும்.

இனிக் கூம்பு. முதலாம் படிவத்திலேயே நீங்கள் புனலில் வடிதாளை மடித்து வைத்து மணல் கலந்த நீரை வடிகட்டியவர்கள். இந்தக் கருவிகளுக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் உறவு உண்டு. 1908இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மெலிட்டா பென்ட்ஸ் என்னும் இல்லத்தரசி, அடியில் ஆணியால் துளையிட்ட பித்தளைப் பாத்திரத்தில் தம் மகனின் பள்ளி நோட்டுப் புத்தகத்திலிருந்து எடுத்த மையொற்றுத் தாளை வைத்துக் காப்பியை வடித்தார். அதற்குக் காப்புரிமையும் பெற்றார். கூம்புக் குடுவையும் புனலும் ஒட்டிப் பிறந்ததுபோல் இருக்கும் கெமெக்ஸை 1941இல் உருவாக்கிய பீட்டர் ஷ்லும்போம் ஒரு வேதியியலாளர். 'வி60' கூம்பைச் செய்யும் ஜப்பானின் ஹாரியோ நிறுவனம் 1921இல் ஆய்வுக்கூடக் கண்ணாடிப் பொருள்களோடு தொழிலைத் தொடங்கியது. 60 என்பது கூம்பின் கோணம்.

எந்தப் பொருளில் செய்த கூம்பை வாங்குவது? இங்கே இயற்பியல் பாடம் உதவும். 400 கிராம் எடையுள்ள பீங்கான் கூம்பு என்று வைத்துக்கொள்வோம். பீங்கானின் தன்வெப்பக் கொள்ளளவு ஒரு கிலோகிராமுக்கு, ஒரு பாகைக்கு ஏறக்குறைய 900 ஜூல். அறை வெப்பநிலையான 30 பாகையிலிருந்து 90 பாகைக்கு அதைச் சூடேற்ற 0.4 × 900 × 60 = 21,600 ஜூல் வேண்டும். அந்த வெப்பம் முழுவதும் 240 கிராம் நீரிலிருந்து போனால் நீர் 21 பாகைக்கு மேல் குளிர்ந்துவிடும்! நடைமுறையில் கூம்பு முழுதும் அவ்வளவு சூடேறாது என்பதால் இழப்பு இதைவிடக் குறைவே. ஆனாலும் கணக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிகிறதல்லவா? எடை குறைந்த, வெப்பத்தை எளிதில் கடத்தாத பிளாஸ்டிக் கூம்புதான் நீரின் சூட்டைக் காக்கிறது. இருப்பவற்றில் மலிவும் அதுவே. கீழே விழுந்தாலும் உடையாது. உணவுக்கு உகந்த பிளாஸ்டிக்கா, கொதிநீரைத் தாங்குமா என்பதை மட்டும் பெட்டியின் மேல் பார்த்து வாங்குங்கள். பீங்கான்தான் வேண்டுமென்றால் முதலில் சுடுநீரால் கூம்பையும் தாளையும் ஒருமுறை அலசிவிட வேண்டும்.

காகிதமா, உலோகச் சல்லடையா என்ற கேள்வியில் உடல்நலமும் இருக்கிறது. காப்பியின் எண்ணெயில் கஃபெஸ்டால், காவியோல் என்னும் பொருள்கள் உள்ளன. இவை இரத்தத்தில் 'கெட்ட கொலஸ்ட்ரால்' எனப்படும் எல்டிஎல் அளவை உயர்த்துபவை. காகிதம் இவற்றின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்கிறது. உலோகச் சல்லடை கீழே விட்டுவிடுகிறது. உலோகத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம், குப்பையும் குறையும், உண்மைதான். ஆனால் கொலஸ்ட்ராலுக்கு மருந்து எடுப்பவர் வீட்டில் இருந்தால் காகிதத்தையே வாங்குங்கள்.

கழுத்து வளைந்த கெண்டி இந்தச் செட்டின் கவர்ச்சிப் பொருள். நீரை மெல்லிய தாரையாக, நினைத்த இடத்தில் ஊற்ற அது உதவும். ஒல்லி மூக்குள்ள தேநீர்க் குடுவையும் அந்த வேலையை ஓரளவு செய்யும் என்பதால் அதைக் கடைசியில் வாங்கலாம். வெப்பமானி பொருத்திய கெண்டி தேவையா என்றால், பெரும்பாலும் இல்லை. நீர் 90 முதல் 96 பாகை செல்சியஸ் வரை இருந்தால் போதும். கொதித்ததும் அரை நிமிடம் பொறுத்து ஊற்றுங்கள். கேமரன் மலையில் வசிப்பவர்கள் அதையும் பொறுக்க வேண்டாம். கடல்மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேலுள்ள தானா ராத்தாவில் காற்றழுத்தம் குறைவு. அங்கே நீர் ஏறக்குறைய 95 பாகையிலேயே கொதித்துவிடும்.

முதலில் தூள் நனையும் அளவுக்கு மட்டும் நீர் ஊற்றி அரை நிமிடம் நிறுத்துங்கள். புதிதாக வறுத்த தூள் பொங்கி எழும். வறுக்கும்போது கொட்டைக்குள் சிக்கிய கரியமிலவாயு வெளியேறுகிறது. அது போன பிறகுதான் நீர் துகளுக்குள் நன்றாகப் புகும்.

காப்பிக்கடைகளில் துணிப்பையில் வடிக்கும் கறுப்புத் தூளை இதில் போட வேண்டாம். பெரும்பாலும் அது சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுத்தது, துணிப்பைக்குத்தான் பொருத்தம்.

இன்னொன்று. 15 கிராம் அராபிக்கா தூளில் ஏறக்குறைய 180 மில்லிகிராம் காஃபின் இருக்கும். இளையோருக்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் அளவு, உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு ஒரு நாளில் 3 மில்லிகிராம். 45 கிலோகிராம் எடையுள்ள மாணவருக்கு அது 135 மில்லிகிராம். ஒரு குவளையிலேயே எல்லை தாண்டிவிடும். ஆகவே வடிப்பது உங்கள் வேலை, குடிப்பது பெரியவர்கள் வேலை. உங்களுக்குச் சுவை பார்க்க ஓரிரு மிடறு போதும்.

கருவி வந்ததும் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரே கொட்டையை மாவு போலவும், மேசை உப்பு அளவிலும், கல்லுப்பு அளவிலும் தனித்தனியே அரையுங்கள். ஒவ்வொன்றிலும் 5 கிராம் எடுத்து, 80 கிராம் நீரில் வடித்து, நீர் முழுதும் இறங்க எத்தனை விநாடி ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எது எந்தக் கோப்பை என்று சொல்லாமல் வீட்டுப் பெரியவர்களிடம் நீட்டி, எது புளிக்கிறது, எது கசக்கிறது என்று கேளுங்கள். காலையில் செய்யுங்கள். இரவில் செய்தால் அவர்கள் தூக்கம் போய்விடும்.